அம்மா இருந்த இடத்தில் கல்

என் அம்மாவை நான் சுரண்டி எடுத்தேன். நான் படம் வரைந்த செம்புத் தகட்டிலிருந்து, எஃகுச் சுரண்டியால், ஒரு மத்தியான வேளையில், முழு நினைவோடு.

பிறகு, அந்தப் படம் ஒன்றுதான் அவளுக்குச் சாட்சி என்று ஆனபோது, ஓர் அதிகாரியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, படத்தில் இருப்பதெல்லாம் உள்ளது உள்ளபடிதான் என்று சொன்னேன். நான் நாற்காலியில் இருந்தேன். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டையும் யாரும் சொல்லி நான் செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், போகப் போக என்மேல் உங்களுக்கு இரக்கம் வரும்படி நான் எழுதிவிடக்கூடும். எனக்கு எழுத வரும். எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தச் சாமர்த்தியத்தை நம்பிவிடாதீர்கள்.

ஸ்ரீரங்கத்தில் தெற்குச் சித்திரை வீதியில் ஒரு நாலுகால் மண்டபம் இருக்கிறது. அதன் அடிப்பீடத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் அம்மா வாழை இலை விற்றாள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த இடம் அவளுடையது. கொள்ளிடக் கரைத் தோப்புகளிலிருந்து விடியும்போதே கட்டு வந்துவிடும். நுனி இலை ஒரு பக்கம், நுனியில்லாமல் நறுக்கிய ஏடு ஒரு பக்கம், மேலே ஈரச் சாக்கு. எந்த வீட்டில் என்றைக்குத் திதி, எந்த வீட்டில் சீமந்தம், யாருக்கு எத்தனை இலை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் கணக்கு தவறி ஒரு வீட்டிலும் பந்தியில் இலை குறைந்ததில்லை.

அப்பா என் ஐந்தாவது வயதில் போய்விட்டார். அந்த இலைகள்தான் என்னைப் படிக்க வைத்தன. பள்ளி இறுதி வகுப்பு தேறினேன். டிராயிங் பரீட்சையும் எழுதித் தேறினேன். பிறகு திருச்சியில், தெப்பக்குளத்துக்கு அருகே ஓர் அச்சகத்தில் படம் வரையும் வேலை கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் கேட்டார், “அம்மா என்ன பண்றாங்க?”

“வீட்டுல இருக்காங்க சார்.”

அவ்வளவுதான் சொன்னேன். யார் வீட்டு அம்மாவும் ஏதோ ஒரு நேரத்தில் வீட்டில் இருக்கத்தானே செய்கிறாள்... அன்றைக்கு அது பொய் என்றுகூட எனக்குப் படவில்லை. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, கைப்பையோடு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கும்போது நான் வேறொருத்தி. அந்த வேறொருத்திக்கு இலைக்காரி அம்மாவாக இருக்க முடியாது. அப்படித்தான் நினைத்தேன். பெருமை என்று இதற்குப் பெயர் சொல்வார்கள். எனக்கோ அது மூச்சு மாதிரி இருந்தது.

அச்சகத்தில் துண்டுப் பிரசுரங்களும் பள்ளிப் புத்தகங்களும்தான் அதிகம் அச்சாகும். ஆனால் மூலையில் ஓர் உருளை யந்திரம் இருந்தது. செம்புத் தகட்டில் அமிலத்தால் அரித்த படங்களை அச்செடுக்கும் யந்திரம். பழைய தெருக்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருக்கின்றன, அவை இருக்கிறபடியே ஓர் ஆல்பம் போட வேண்டும் என்று மேனேஜருக்கு ஆசை. பன்னிரண்டு படங்கள். பெரிய கடை வீதி, மலைக்கோட்டை அடிவாரம், தெப்பக்குளக் கரை... கடைசி நான்கும் ஸ்ரீரங்கம். அந்த நான்கையும் என்னிடம் கொடுத்தார்.

தகடு வேலை பொறுமையான வேலை. செம்பின்மேல் மெழுகு பூசி, புகையில் காட்டிக் கறுப்பாக்கி, ஊசியால் கீற வேண்டும். கீறிய இடத்தில் மட்டும் அமிலம் தின்னும். தின்ற பள்ளத்தில் மை தங்கும். அச்சில் இடம் வலமாகிவிடும் என்பதால் தெருவையே திருப்பிப்போட்டு வரைய வேண்டும். எனக்கு அது சுலபமாக வந்தது. இந்த ஊரில் இது தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்று பஸ்ஸில் உட்கார்ந்து எத்தனை நாள் நினைத்திருக்கிறேன்!

நாலுகால் மண்டபத்தை வரைய, எதிர்ச்சாரியில் ஒரு வீட்டுப் படியில் பலகையோடு உட்கார்ந்தேன். அம்மாவுக்குத் தாங்கவில்லை.

“நான் இப்படியே இருக்கட்டுமா, இலை நறுக்கற மாதிரி இருக்கட்டுமா?”

“எப்பவும்போல இரும்மா.”

“நீ பாத்துக்கிட்டே இருந்தா எப்பவும்போல எப்படிடி இருக்கறது?”

இலை வாங்க வந்த மாமி ஒருத்தி நின்று பார்த்தாள். “அஞ்சல, இவ ஒம் பொண்ணா? என்னமா வரையறா.”

“எம் பொண்ணுதான் மாமி. இது புஸ்தகத்துல வரப்போவுது. நானும் வரப்போறேன். இனிமே இலைக்குக் கொசுறு கேக்காதீங்க, புஸ்தகத்துல வர்றவ நான்.”

மாமி சிரித்துக்கொண்டே போனாள். நான் சிரிக்கவில்லை. தெருவில் அச்சகத்து ஆட்கள் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் கை பொய் சொல்லவில்லை. அவளை அப்படியே வரைந்தது. கட்டைவிரல் உயரம்தான் இருப்பாள். ஒரு முழங்காலை மடக்கி, மற்றதை நீட்டி, கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, மோவாயைச் சற்றுத் தூக்கி... படம் முழுவதிலும் உயிர் அங்கேதான் இருந்தது. எனக்கு அது தெரியும்.

முதல் பிரதி எடுத்த நாள். யந்திரத்தை உருட்டி, ஈரத்தாளைத் தகட்டிலிருந்து தூக்கியவள் பிலோமினா. மை பூசித் துடைக்கும் வேலை அவளுடையது. பாலக்கரைப் பெண். என் வயதுதான். வாய் சும்மா இராது.

மேனேஜர் குனிந்து பார்த்தார். தூண்களைப் பார்த்தார், மேலே கோபுரத்தைப் பார்த்தார். பிறகு விரல் கீழே வந்தது.

“இந்த அம்மா ரொம்ப நல்லா வந்திருக்காங்களே. யாரு இவங்க? உனக்குத் தெரிஞ்சவங்களா?”

ஒரு நொடி... நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த ஒரு நொடியில்தான். வாயைத் திறந்தால் போதும். இரண்டே சொல். அவர் நல்ல மனிதர். “அப்படியா” என்று சொல்லி இன்னும் சந்தோஷப்பட்டிருப்பார்.

“யாரோ இலைக்காரி சார்” என்றேன்.

“அடுத்த வாரம் மெட்ராஸ்லேர்ந்து ரெண்டு பேர் வராங்க. கூட்டிட்டுப் போய் அந்த மண்டபத்தையும் இந்த அம்மாவையும் காட்டணும். படத்தையும் ஆளையும் ஒண்ணா பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பிலோமினா மை படிந்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“யாரோ இலைக்காரியா? மோவாய பாருடி. உன்னுதைக் கழட்டி அங்க வச்ச மாதிரி இருக்கு.”

“உன் வேலையப் பாரு.”

“எங்கம்மா மீன் விக்கிறா. வந்த மொத நாளே சொல்லிட்டேன். யாரு என்னைத் தின்னுட்டாங்க? வெள்ளிக்கிழமை ஆனா மேனேஜரே மீன் கேட்டு அனுப்பறாரு.”

அவளால் முடிந்தது, என்னால் முடியவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் எல்லோரும் வெளியே போனபின் தகட்டை எடுத்தேன். சுரண்டியைச் சாய்த்துப் பிடித்து முதலில் முகத்தை எடுத்தேன். பிறகு தோள். நீட்டிய கால். செம்பு சன்னமான தூளாக வந்தது, வாயால் ஊதினேன். சுரண்டிய இடம் குழியாகிவிடும், அப்படியே விட்டால் அச்சில் கறையாக விழும். அதனால் தகட்டைக் கவிழ்த்து, பின்புறத்தில் சுத்தியால் தட்டித் தட்டிச் சமமாக்கினேன். வழவழப்பான எஃகுக் குச்சியால் தேய்த்தேன். மறுபடி மெழுகு பூசினேன்.

இப்போது அங்கே என்ன வரைவது?

அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த கல்லை நான் கவனித்துப் பார்த்ததே இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள்தான் அதை மறைத்துக்கொண்டிருந்தாள். ஆகவே நானாகவே கல் அடுக்கினேன். மற்ற மூன்று பக்கங்களையும் நினைத்துக்கொண்டு, ஒரு வரி தாமரை இதழ், ஒரு வரி வெறுங்கல். அம்மா இருந்த இடத்தில் கல் வரைந்தேன். நன்றாக வரைந்தேன்... அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை சுத்தமாக வந்ததில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மேனேஜர் கேட்டபோது, கட்டடத்திலிருந்து கவனம் சிதறுகிறது என்று சொன்னேன். அவருக்கு வருத்தம். “ஆனா வரைஞ்சவ நீ” என்று விட்டுவிட்டார். மெட்ராஸ்காரர்களை மலைக்கோட்டைக்கு மட்டும் கூட்டிப் போனார்.

முதல் பிரதியைக் கிழிக்கப் போனேன். பிலோமினா பிடுங்கிக்கொண்டாள். ஒரு வாரம் கழித்துச் செய்தித்தாளில் சுருட்டி என் கையில் திணித்தாள். “உன் வீட்டுல வச்சுக்க. இதைக் கிழிச்சா கை விளங்காது” என்றாள். பெட்டியின் அடியில் போட்டு வைத்தேன்.

ஆல்பம் வெளிவந்தது. முன்னுரையில், எதையும் கூட்டாமலும் குறைக்காமலும் வரைந்தவை இவை என்று மேனேஜர் எழுதியிருந்தார். என் பெயர் அச்சில் வந்தது. அம்மா கேட்டாள், “எங்கடி புஸ்தகம்?”

“வீட்டுக்கெல்லாம் தர மாட்டாங்கம்மா. ஆபீசுங்களுக்குத்தான்.”

“சரி, நான் இருக்கேன்ல அதுல? அது போதும்.”

நான் தலையை ஆட்டினேன். அவள் வீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்புறம் இரண்டு வருஷம் கழித்து நகராட்சியிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. தேர் திரும்பும் இடத்தில் நெரிசல், மண்டபத்தைச் சுற்றி உட்கார்ந்து விற்பவர்களெல்லாம் எழுந்துகொள்ள வேண்டும். நெடுநாளாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் வேறிடத்தில் கொட்டகை போட்டு இடம் ஒதுக்குவார்கள். ஆனால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அம்மாவிடம் என்ன ஆதாரம் இருக்கும்? ரசீது எழுதியா இலை விற்றாள்?

ஒரு நாள் முகமெல்லாம் பூரிப்பாக வந்தாள்.

“அந்த ஆபீசர் ஊருக்குப் புதுசுடி. வாய்ச் சாட்சியெல்லாம் வேணாங்கறாரு. ஆளாளுக்கு நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வர்றானாம், கேட்டா ஊரே அந்த மண்டபத்தடியிலதான் உக்காந்திருந்துச்சாம். நான் சொன்னேன், எம் பொண்ணு போட்ட படத்துல நான் இருக்கேன் சார்னு. அந்தப் புஸ்தகமா, இங்கயே இருக்கேங்கறாரு. பொண்ணையும் கூட்டிக்கிட்டு வான்னாரு. நாளைக்கு நீ லீவு போடு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். ‘அம்மா, அதில் நீ இல்லை’ என்று. சொல்லவில்லை. ஆனால் ஒன்று செய்தேன்... பெட்டியின் அடியிலிருந்து அந்த முதல் பிரதியை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். காட்டிவிட வேண்டும் என்றுதான் புறப்பட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். நம்பினாலும் என் குற்றம் குறையாது. கூடத்தான் செய்யும்.

அதிகாரி என்னைக் கண்டதும் எழுந்தார். “இந்தப் படங்களைப் போட்டது நீங்களா? உக்காருங்க, உக்காருங்க.” ஒரு நாற்காலிதான் இருந்தது. அம்மா என்னைப் பார்த்து, உட்கார் என்று கண்ணைக் காட்டினாள். அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் எப்படி எழுதுவேன்? ஓர் ஆபீசில் தன் மகளுக்கு நாற்காலி போட்டார்கள்!

ஆல்பத்தைப் பிரித்தார். மண்டபம் வந்தது.

“ஒரு கல்லுகூட விடாம போட்டிருக்கீங்க. இந்தத் தாமரை வரிசையெல்லாம்... என்ன துல்லியம்” என்றார். அவர் விரல் வைத்திருந்தது நான் கற்பனையாக அடுக்கிய கற்களின்மேல். பிறகு அம்மாவிடம் திரும்பினார். “எங்கம்மா, நீ இருக்கறதா சொன்னியே?”

அம்மா குனிந்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். தூண்களை எண்ணினாள். இலைச்சாறு கறுத்த விரலைத் தாளின்மேல் படாமல் பிடித்துக்கொண்டு, சரியாக அந்த இடத்துக்கு மேலே நிறுத்தினாள்.

“இங்கதான்...” என்றாள்.

“இங்க கல்லு இல்ல இருக்கு.” என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க. இது உள்ளது உள்ளபடி போட்டதுதானே? முன்னுரையிலயும் அப்படித்தானே எழுதியிருக்கு?”

பை என் மடியில் இருந்தது. சுருட்டிய தாள் விரலில் தட்டுப்பட்டது. எடுத்து விரித்தால்... அம்மா அங்கே முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பாள். ஆனால் அடுத்த கேள்வி வருமே. ஏன் எடுத்தீர்கள்? துல்லியம் என்று இவர் சொன்ன கற்கள் எங்கிருந்து வந்தன? முன்னுரை பொய்யா? பெற்ற அம்மாவையா? அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதற்கு என்ன பதில் சொல்வேன்?

“உள்ளபடிதான் சார்” என்றேன்.

என் குரல் தடுமாறவேயில்லை.

அம்மா நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். எல்லாம் புரிந்துபோன முகம் அது. புரிந்த அடுத்த கணமே அவள் எனக்காகப் பேச ஆரம்பித்தாள்.

“அப்ப அன்னிக்கு நான் யாவாரத்துக்கு வரல போலிருக்கு சார். ஒடம்புக்கு முடியாத நாளா இருக்கும். அவ தப்பா போட மாட்டா.”

வெளியே வந்தோம். வெயில். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். “காலைல ஒண்ணும் சாப்பிடாம வந்துட்டே. மோர் குடிக்கிறியா?”

குடித்தேன். அதையும்தான் குடித்தேன்.

கொட்டகையில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. நேற்று வந்தவர்கள்கூட ஏதோ ஒரு காகிதத்தைக் காட்டி வாங்கிக்கொண்டார்கள். அன்று முதல் இலைக்கட்டைத் தலையில் சுமந்துகொண்டு அடையவளஞ்சான் வீதியிலிருந்து உத்திர வீதிவரை வாசல் வாசலாகப் போய்க் கூவி விற்கிறாள். இது ஐந்தாவது வருஷம். நான் இப்போது ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். சம்பளம் வருகிறது, வீட்டிலேயே இரு என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். “உக்காந்தே இருந்தவளுக்கு நடந்தா நல்லதுதான்” என்பாள். அந்த ஆபீசைப் பற்றி ஒரு வார்த்தை இன்றுவரை பேசியதில்லை. நானும் பேசவில்லை. தெற்குச் சித்திரை வீதி வழியே நான் போவதே இல்லை. பஸ்ஸுக்குச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

போன மாதம் சுற்ற முடியாமல் போயிற்று. பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்கள், ‘உங்கள் படத்தில் இருக்கும் மண்டபத்தைக் காட்டுங்கள்’ என்று ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டார்கள். கூட்டிப் போனேன்.

மண்டபத்தடி காலியாக இருந்தது. அந்தக் கல்லை நான் முதல் முறையாகப் பார்த்தேன். தாமரை இதழ் எதுவும் இல்லை. வெறுங்கல். நடுவில் ஒரு முதுகின் அகலத்துக்கு, எண்ணெயும் வியர்வையும் ஊறி, கறுத்து, பளபளவென்று... மேலே தலை சாய்ந்த இடம்கூடத் தனியாகத் தெரிந்தது.

“படத்துல வேற மாதிரி இருந்துச்சே டீச்சர்? இந்தக் கறுப்பு என்ன?” என்று ஒருத்தி கேட்டாள்.

“பின்னால பட்ட அழுக்கு” என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை. “இலை வேணுங்களா, நுனி இலை...” என்று பின்னால் குரல் கேட்டது. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ, எனக்குத் தெரியாது. தலையில் கட்டு. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எங்கள் மூன்று பேரையும் ஒரே மாதிரிப் பார்த்தாள்.

“வேண்டாம்மா, நாங்க ஊர் பாக்க வந்தவங்க” என்றாள் ஒரு டீச்சர்.

“அப்படிங்களா? நல்லா பாருங்க. இந்த மண்டபத்தை ஒரு பொண்ணு படம் போட்டிருக்கு. பெரிய பெரிய ஆபீசுல எல்லாம் வச்சிருக்காங்க.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குங்கம்மா?”

நான் கேட்டதைத்தான் அவள் கொடுத்தாள். நான் கேட்காமலே, நான் கேட்டதை.

“வேண்டாங்க” என்றேன்.

கட்டைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள். அன்று மாலை வீட்டில் வழக்கம்போல எனக்குச் சோறு போட்டாள். வழக்கம்போல நானும் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காவிரிப் பாலத்தில் பாதி தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வருகிறேன். வகுப்பில் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு நிற்கிறேன், என்ன வரைய வந்தேன் என்று மறந்துபோகிறது. யாரிடமாவது சொல்லிவிட்டால் தீரும் என்றுதான் உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன். பக்கங்கள் நிரம்பிவிட்டன. ஒன்றும் தீரவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நீங்கள் இல்லையே...

அவள் இதோ மூன்று முழ தூரத்தில் உட்கார்ந்து நாளைய இலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

“என்னடி, மத்தியானத்துலேர்ந்து அப்படி எழுதறே?” என்று இப்போதுதான் கேட்டாள்.

“ஸ்கூல் வேலைம்மா” என்றேன்.

“எழுது, எழுது” என்று சொல்லிவிட்டு, எனக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று, சத்தம் வராமல் இலைகளை அடுக்குகிறாள்.